தேடலும் அதிகாரமும்: பண்டித ரமாபாயை முன்வைத்து

1

'உண்மையாகவே கடவுளைத் தேடித்தான் போனாரா?' மதம் மாறிய எவரைப் பற்றியும் முதலில் எழுப்பப்படும் கேள்வி இதுதான். பிறந்த மதத்திலேயே கிடந்து சாகிறவனை யாரும் இப்படிக் கேட்பதில்லை. அவனுடைய பக்தி வெறும் பழக்கமா, பயமா, சாதிக் கட்டுப்பாடா, சொத்து பற்றிய கவலையா என்று யாரும் துருவிப் பார்ப்பதில்லை. இருக்கிறவனுக்கு அத்தாட்சி தேவையில்லை. வெளியே போகிறவன்தான் மடியை அவிழ்த்துக் காட்ட வேண்டும். ஆக, 'நேர்மையான தேடல்' என்கிற கருத்தாக்கம் ஏதோ மனசுக்குள் நடக்கும் தூய விவகாரம் மட்டுமல்ல; அதைச் சோதிக்கிறவர்கள் யார், சோதிக்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்தது யார் என்கிற கேள்விகளோடு பிணைந்தது.

'அதிகாரம்' என்ற சொல்லை இங்கே கவனிக்கலாம். சாஸ்திர மரபில் அதற்குத் 'தகுதி' என்று பொருள். எந்த நூலை யார் படிக்கலாம், எந்தச் சடங்கை யார் செய்யலாம், மோட்சத்தைத் தேட யார் தகுதியானவர் என்பதெல்லாம் அதிகார விசாரம். நம்முடைய அன்றாடத் தமிழில் அதே சொல்லுக்கு அடுத்தவன் மேல் செலுத்தும் ஆட்சி என்று பொருள். ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் வந்து குடியேறியது தற்செயலாக இருக்கலாம். ஆனால் தகுதியை நிர்ணயிக்கிறவனே ஆட்சி செய்கிறான் என்கிற சமூக உண்மையை அது எந்த விளக்கவுரையும் இல்லாமல் சொல்லிவிடுகிறது.

இந்த இரட்டை அதிகாரத்தோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் பண்டித ரமாபாய் (1858-1922). கிறிஸ்துவைத் தேடிய அவரது பாதை, 'இருளிலிருந்து ஒளிக்கு' என்கிற மிஷனரிக் கதையாடலுக்குள்ளும் அடங்காது, 'வெள்ளைக்காரன் வலையில் விழுந்தாள்' என்கிற தேசியவாதக் கதையாடலுக்குள்ளும் அடங்காது. ஏன் அடங்காது என்பதுதான் நம் அக்கறை.

2

ரமாபாயின் தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே ஒரு சித்பாவன பிராமணப் பண்டிதர். மனைவி லட்சுமிபாய்க்குச் சமஸ்கிருதம் கற்றுக்கொடுத்தார். அது குற்றமாயிற்று. உடுப்பியில் பண்டிதர் சபை முன் நின்று, பெண்ணுக்குச் சமஸ்கிருதம் சொல்லித்தருவது சாஸ்திர விரோதமல்ல என்று மேற்கோள் காட்டி வாதாட வேண்டியிருந்தது. பிறகு மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலக் காட்டில் போய்க் குடியிருந்தார். ரமாபாய் பிறந்தது அங்கேதான். மகளுக்குத் தாய்தான் ஆசிரியை. இருந்தும், இந்தச் 'சீர்திருத்தத் தந்தை'கூட வேதத்தின் பக்கம் மகளை விடவில்லை. புராணம், இதிகாசம், இலக்கணம் வரை சரி. அதற்கு மேலே கோடு.

கொஞ்ச நாளில் கைப்பொருள் கரைந்து, குடும்பம் ஊர் ஊராக க்ஷேத்திராடனம் கிளம்பியது. கோயில்களில் உட்கார்ந்து புராணம் வாசிப்பது, கிடைக்கிற தட்சணையில் பிழைப்பது, கிடைத்ததையும் பிராமணர்களுக்குத் தானம் செய்து புண்ணியம் தேடுவது: இதுதான் வாழ்க்கை. 1870களில் தெற்கே பஞ்சம். தெய்வங்களைத் திருப்திப்படுத்த விரதம், ஜபம், தீர்த்தம் என்று செய்யாதது பாக்கியில்லை. சாப்பிட எதுவுமில்லாமல் திருப்பதிக்கு அருகே காட்டுக்குள் போய்ச் சாகவும் அந்தக் குடும்பம் துணிந்தது. தந்தை, தாய், அக்காள் என்று ஒவ்வொருவராகப் போனார்கள். எஞ்சிய அண்ணன் சீனிவாசனோடு ரமாபாய் தேசம் முழுக்கக் கால்நடையாக அலைந்தார்.

இந்தப் பஞ்ச அனுபவத்தை அவரது பிற்கால மதமாற்றத்துக்கான 'காரணம்' என்று நேர்கோடு போடுவது எளிது. பசித்தவள் மாறினாள், அவ்வளவுதானே? ஆனால் பசித்த காலத்தில் அவர் மாறவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. ஞானஸ்நானம் பெற்றபோது அவர் பண்டிதை. இந்தியா முழுக்கப் பெயர் தெரிந்தவர். பசி அவருக்குக் கொடுத்தது விடையல்ல, ஒரு கேள்வி. சொன்னதையெல்லாம் செய்தோமே, எங்கே தப்பு என்கிற கேள்வி.

1878இல் கல்கத்தா. அங்கே பண்டிதர்கள் இருபது வயதுப் பெண்ணைச் சபையில் உட்காரவைத்துச் சோதித்து, 'பண்டிதா', 'சரஸ்வதி' என்று பட்டங்கள் சூட்டினார்கள். அதே நகரில் ஒரு கிறிஸ்தவக் கூட்டத்துக்கு அண்ணனும் தங்கையும் போனார்கள். எல்லோரும் கண்ணை மூடி நாற்காலிகளுக்கு முன்னால் மண்டியிட்டதைப் பார்த்துவிட்டு, இவர்கள் நாற்காலியைக் கும்பிடுகிறவர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்களாம். பிற்காலத்தில் ரமாபாயே இதை எழுதியிருக்கிறார். வழிபாட்டுச் சடங்கை வெளியிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு எல்லாச் சடங்கும் நாற்காலிப் பூசைதான். இந்த வெளிக் கண்ணைக் கிறிஸ்தவரான பிறகும் அவர் இழக்கவில்லை.

பெண்கள் கூட்டங்களில் பேசுவதற்காகத் தர்மசாஸ்திரங்களைப் படிக்கச் சொன்னார்கள். படித்தார். ஆயிரம் விஷயங்களில் ஒன்றோடொன்று முரண்படும் அந்த நூல்கள் இரண்டில் மட்டும் ஒத்துப்போவதைக் கண்டார். ஒன்று, உயர்ந்த சாதியோ தாழ்ந்த சாதியோ, பெண் என்கிற இனமே தீயது. இரண்டு, ஆணைப்போலப் பெண் தானாக மோட்சம் அடைய முடியாது. கணவனே அவளுக்குத் தெய்வம். வேதமும் மெய்யறிவும் இல்லாமல் மோட்சமில்லை. வேதம் தொடப் பெண்ணுக்கும் சூத்திரனுக்கும் அதிகாரமில்லை. கணக்கு மிகச் சுலபம். கடவுளைத் தேடுவதற்கே இவர்களுக்கு அதிகாரம் கிடையாது. கேசவ சந்திர சென் கையில் வேதப் பிரதியைக் கொடுத்துப் படி என்று சொன்னது அதற்குப் பிறகுதான்.

ஆகவே ரமாபாயின் தேடல் 'எந்தக் கடவுள் உண்மையானவர்?' என்கிற ஒப்பீட்டு ஆராய்ச்சியாகத் தொடங்கவில்லை. 'தேட எனக்கு உரிமை உண்டா?' என்று தொடங்கியது. இந்த வரிசை முக்கியம்.

3

1880இல் அண்ணனும் இறந்தார். அதே ஆண்டு வங்காள வழக்கறிஞர் விபின் பிஹாரி மேதாவியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். பிராமணப் பெண், சூத்திரர் எனக் கருதப்பட்ட கணவர். அசாமில் சில்சாரில் வாழ்ந்த காலத்தில் கணவரின் புத்தகங்களுக்கு நடுவே வங்காள மொழியில் லூக்கா சுவிசேஷம் கையில் கிடைத்தது. ஆலன் என்கிற பாப்டிஸ்ட் மிஷனரி வந்து ஆதியாகமத்தை விளக்கினார். கணவருக்கு அது பிடிக்கவில்லை. 1882 பிப்ரவரியில் கணவர் இறந்தார். இருபத்து நான்கு வயதுகூட நிரம்பாத விதவை. கையில் மனோரமா என்கிற குழந்தை.

பூனாவில் சீர்திருத்தவாதிகள் வரவேற்றார்கள். 1882இல் ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். ஹண்டர் கல்விக் குழுவின் முன் சாட்சியம் அளித்துப் பெண் மருத்துவர்களும் பெண் ஆசிரியர்களும் தேவை என்றார். 1883இல் மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு இங்கிலாந்து போனார். புனித மரியன்னை சபையின் ஆங்கிலிக்கன் கன்னியர் வாண்டேஜ் ஊரில் இருந்த தங்கள் மடத்தில் இடம் கொடுத்தார்கள். மதம் மாறமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கிளம்பியிருந்தார். கூடவே வந்த ஆனந்திபாய் பகத் என்கிற தோழி சில மாதங்களில் அங்கேயே தற்கொலை செய்துகொண்டார். 1883 செப்டம்பர் 29 அன்று ரமாபாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

தேதிகளை இப்படி அடுக்கினால் சந்தேகம் வரத்தான் செய்யும். அந்நிய மண், தோழியின் கோர மரணம், சோறு போடுகிற கன்னியர்கள். பூனாப் பத்திரிகைகள் இதைத்தான் சொல்லின. ஆனால் ரமாபாய் தானே சொல்கிற காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. கன்னியர்கள் அவரை லண்டன் அருகே ஃபுல்ஹாமில் தாங்கள் நடத்திய இல்லத்துக்கு அழைத்துப்போனார்கள். 'கெட்டுப்போனவர்கள்' என்று ஊர் ஒதுக்கிய பெண்களுக்கு அங்கே அன்போடு பணிவிடை நடந்தது. இப்படிப்பட்ட பெண்களுக்கு இரக்கம் காட்டச் சொல்லும் ஒரு வரியைத் தன் சாஸ்திரங்களில் அவர் பார்த்ததில்லை. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். யோவான் சுவிசேஷம் நான்காம் அதிகாரத்தைப் படித்துக் காட்டினார்கள்: கிணற்றடியில் இயேசு ஒரு சமாரியப் பெண்ணோடு பேசும் இடம்.

அந்தக் கதையை அவர் எப்படிப் படித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். தீண்டத்தகாத இனத்தவள், பலரோடு வாழ்ந்தவள். அவளிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கேட்கிறார் ஒருவர். அதோடு நிற்கவில்லை. எந்த மலையில் தொழுவது சரி என்கிற இறையியல் விவாதத்தையே அவளோடு நடத்துகிறார். அதாவது, தேடுவதற்கான 'அதிகாரம்' அவளிடம் இருப்பதாக எடுத்துக்கொண்டு பேசுகிறார். ரமாபாய்க்கு வேண்டியிருந்த பிரதி இது. தர்மசாஸ்திரம் போட்ட கோட்டுக்கு நேர் எதிரான பிரதி.

4

கதை இங்கே முடிந்திருந்தால் மிஷனரிப் பிரசுரம் ஒன்றுக்கு நல்ல விஷயமாகியிருக்கும். சிக்கல் இனிமேல்தான் ஆரம்பம். ஞானஸ்நானத்துக்குப் பிறகான ஆண்டுகளில் ரமாபாய்க்கும் அவரது ஞானத்தாய் ஸ்தானத்தில் இருந்த கன்னி ஜெரால்டினுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியக் கிறிஸ்தவத்தின் மிக முக்கியமான இறையியல் ஆவணங்களில் ஒன்று. ஏ.பி. ஷா பதிப்பாசிரியராக இருந்து 1977இல் அது நூலாக வந்தது.

கடிதங்களில் சண்டை எதைப் பற்றி? திரித்துவம், கிறிஸ்துவின் தெய்வீகம், அதனேசியஸ் விசுவாசப் பிரமாணம் என்று பெரிய விஷயங்கள் இருக்கின்றன. கூடவே முட்டை சேர்த்த பலகாரம் இருக்கிறது. மரக்கறி உணவை விடமாட்டேன் என்றார் ரமாபாய். இது சாதித் திமிரின் மிச்சம் என்றார் ஜெரால்டின். சிலுவையில் எதற்கு லத்தீன் எழுத்து, சமஸ்கிருதத்தைவிட லத்தீன் எந்த வகையில் புனிதம் என்று கேட்டார் ரமாபாய். செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் அவர் ஆண்களுக்கும் பாடம் நடத்தலாம் என்ற பேச்சு எழுந்தபோது, இந்தியாவில் பேர் கெட்டுவிடும் என்று ஆயர்கள் தடுத்தார்கள். என் அப்பாவும் கணவரும் ஆட்சேபிக்காததை நீங்கள் ஆட்சேபிப்பது ஆச்சரியமாயிருக்கிறது என்கிற பொருளில் பதில் போனது. பெண் ஆணுக்குக் கற்பிப்பதைத் தடுப்பதில் பூனாப் பண்டிதரும் ஆங்கிலிக்கன் ஆயரும் கைகோத்து நின்ற வேடிக்கையை அவர் கவனிக்கத் தவறவில்லை.

ஜெரால்டின் தரப்பையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். பல நூற்றாண்டுகளாக ஒரு சமூகம் சேர்த்துவைத்த நினைவும் அனுபவமும்தான் திருச்சபை. நேற்று வந்த ஒருத்தி இது பிடிக்கும், அது பிடிக்காது என்று பொறுக்கி எடுத்தால் அது தேடல் இல்லை, அகந்தை. கடவுளை நேர்மையாகத் தேடுகிறவள் முதலில் கீழ்ப்படியக் கற்க வேண்டும். இந்த வாதம் லேசானதல்ல. தனிமனித மனசாட்சியே எல்லாம் என்கிற நவீனத் தாராளவாதத்தின் மீது நமக்கே ஆயிரம் சந்தேகம் உண்டு.

ஆனால் கீழ்ப்படிதலைத் தேடலின் அத்தாட்சியாகக் கேட்கிற இடத்தில், ரமாபாய்க்குப் பழைய குரல் கேட்டது. ஒரு புரோகிதக் கூட்டத்தின் நுகத்தடியை இவ்வளவு பாடுபட்டுக் கழற்றியது இன்னொன்றில் தலையைக் கொடுப்பதற்கா என்பது அவரது பதிலின் சாரம். தன்னை இந்து என்று அழைத்துக்கொள்வதிலும், முன்னோரின் பழக்கங்களை முடிந்தவரை வைத்துக்கொள்வதிலும் அவருக்குக் கூச்சமில்லை. தான் பெற்ற ஞானஸ்நானம் கிறிஸ்துவின் உலகளாவிய சபைக்குள். இங்கிலாந்து சபை என்கிற ஒரு பிரிவுக்குள் அல்ல என்றார்.

ஃபூக்கோ 1976இல் பாலியல் வரலாறு பற்றிய முதல் தொகுதியில் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிச் சொன்னது இங்கே பொருந்தும். தன் உள்ளத்து உண்மையைப் பேசுகிறவர் அதைப் பேசும் செயலிலேயே, கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறவரின் அதிகாரத்துக்குள் போய்விடுகிறார் என்றார் அவர். ரமாபாய் விஷயத்தில் ஒரு திருகல் உண்டு. அவர் பேசாமல் இருக்கவில்லை. கடிதம் கடிதமாகத் தன் ஐயங்களைக் கொட்டினார். கேட்கிறவருக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமையை மட்டும் தரவில்லை. கௌரி விசுவநாதன் 1998இல் வெளியிட்ட நூலில் மதமாற்றத்தை ஒருவகை எதிர்ப்பு என்று வாசித்து ரமாபாய்க்குத் தனி இயல் ஒதுக்கினார். அந்த வாசிப்போடு ஒன்றைச் சேர்க்கலாம். இந்த எதிர்ப்பு கடவுள் தேடலுக்குத் தடையாக வந்த பக்கவிளைவு இல்லை. தேடல் நடந்த விதமே அதுதான்.

5

1887இல் அமெரிக்காவில் 'உயர்சாதி இந்துப் பெண்' வெளியாயிற்று. போஸ்டனில் அமைந்த ரமாபாய் சங்கம் பத்தாண்டுகளுக்குப் பண உதவி தர முன்வந்தது; மதப்பிரச்சாரம் கூடாது என்பது ஏற்பாடு. 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் விதவைகளுக்கான சாரதா சதன் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பூனாவுக்கு இடம் மாறியது. பிராமண ஆசாரப்படி சமையல், அவரவர் பூசைக்கு அனுமதி. ரானடேயும் பண்டார்க்கரும் ஆலோசனைக் குழுவில் இருந்தார்கள்.

சச்சரவு ஒரு கதவில் வந்தது. ரமாபாய் தன் அறையில் மகளோடு ஜெபம் செய்வார். கதவைச் சாத்தமாட்டார். விரும்பிய பெண்கள் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். திலகரின் 'கேசரி' பிடித்துக்கொண்டது. 1893இல் ரானடேயும் பண்டார்க்கரும் விலகினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பெண்களைக் குடும்பத்தார் கூட்டிப்போய்விட்டார்கள். கதவைத் திறந்து வைப்பது பிரச்சாரமா? சாத்தி வைத்தால்தான் நடுநிலையா? ரமாபாயின் நிலைப்பாடு தெளிவு: இந்துப் பெண் தன் சாமியைக் கும்பிட அனுமதிக்கிற வீட்டில் நான் மட்டும் ஒளிந்து கும்பிட வேண்டியதில்லை. இதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே, 1885இல், அவர் மதம் மாறியதை வெளிப்படையாக ஆதரித்து 'சத்சார்' இதழில் எழுதியவர் ஜோதிராவ் புலே. சூத்திரரின் பக்கம் நின்று யோசித்தவருக்கு ரமாபாயின் கேள்வி புரிந்தது. சீர்திருத்த பிராமணர்களுக்குப் புரியவில்லை என்பதைவிட, புரிந்ததுதான் பிரச்சினை.

வெளியே இப்படிப் புயல் கிளம்பிய காலத்தில் அவருக்குள்ளேயும் ஒன்று நடந்தது. வில்லியம் ஹாஸ்லம் என்கிற ஆங்கிலப் போதகரின் சுயசரிதையைப் படித்தார். பாதிரியாக ஆன பிறகே தனக்கு உண்மையான மனமாற்றம் ஏற்பட்டது என்று சொல்கிற புத்தகம் அது. படித்துவிட்டு 1891 வாக்கில் ரமாபாய் வந்த முடிவு அபாரமானது: கிறிஸ்தவ மதம் எனக்குக் கிடைத்துவிட்டது, கிறிஸ்து இன்னும் கிடைக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்று எட்டாண்டுகள் கழித்து, தனக்காக ஊர்ப் பழியெல்லாம் சுமந்த பிறகு, இதை ஒப்புக்கொள்ள எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எதிரிகளுக்கு நல்ல ஆயுதம். 'பார்த்தாயா, அவளே சொல்லிவிட்டாள்' என்று சொல்லலாம். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தேடலை மதமாற்றம் என்கிற ஒரு நாள் சம்பவத்துக்குள் அடைக்க அவர் மறுத்தார். வரலாற்றாசிரியர்கள் தேதி குறிக்கிற 1883 செப்டம்பர் 29 அவருக்கு நடுவழியில் ஒரு சத்திரம்.

6

இனி சங்கடமான பகுதி. 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களுக்குப் போய் நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமிகளையும் அழைத்து வந்தார். பூனாவுக்கு அருகே கேட்காவ் ஊரில் முக்தி மிஷன் வளர்ந்தது. 1900இல் குஜராத் பஞ்சம். முக்தியில் இருந்தவர்கள் எண்ணிக்கை 1500ஐத் தாண்டியது. சாரதா சதனின் பிராமண அடுக்களை இங்கே இல்லை. எல்லாச் சாதியும் ஒரே இடத்தில். நெசவு, தோட்டம், எண்ணெய் ஆட்டுதல், அச்சுக்கோத்தல் எல்லாம் பெண்கள் கையில். எபிரேயமும் கிரேக்கமும் கற்று, பைபிளை எளிய மராத்தியில் ரமாபாய் மொழிபெயர்த்தார். பழைய மொழிபெயர்ப்பின் சமஸ்கிருதச் சொற்கள் வேதாந்தப் பொருளைக் கூடவே இழுத்துவருகின்றன, பாமரப் பெண்களுக்குப் புரிவதுமில்லை என்பது அவர் குறை. 'சரஸ்வதி' பட்டம் வாங்கிய பண்டிதை சமஸ்கிருதத்தைக் களைந்து எறிந்ததில் ஓர் அரசியல் இருக்கிறது. புனிதப் பிரதியைத் தொடவே தகுதியற்றவர்கள் எனப்பட்டவர்கள் அதை எழுத்து எழுத்தாகக் கோத்து அச்சடித்தார்கள்.

ஆனால் 1905இல் முக்தியில் எழுந்த எழுப்புதலை எப்படிப் புரிந்துகொள்வது? நூற்றுக்கணக்கான சிறுமிகள் அழுதார்கள், பாவங்களை அறிக்கையிட்டார்கள், விழுந்தார்கள், அந்நிய பாஷைகளில் பேசினார்கள். முக்தியில் பணியாற்றிய மின்னி ஏப்ரம்ஸ் இதைப் பற்றி எழுதிய சிறுநூல் சிலி நாடு வரை போய், அங்கே பெந்தெகொஸ்தே இயக்கம் தொடங்கத் தூண்டுதலாயிற்று. பஞ்சத்தில் தாய் தகப்பனைப் பறிகொடுத்த பெண்கள் ரமாபாயை நம்பி இருந்தவர்கள். வாண்டேஜில் ஜெரால்டின் இருந்த இடத்தில் இப்போது ரமாபாய். மகளாக இருந்தவர் தாயானார். 'என் மனசாட்சி ஒத்துக்கொள்ளவில்லை' என்று முக்தியின் சிறுமி ஒருத்தி எழுதிய கடிதம் இருந்தால் அதைத்தான் நாம் முதலில் படிக்க வேண்டும். நம் கையில் இருப்பதெல்லாம் அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியவை.

இதை வைத்து அந்தச் சிறுமிகளின் அழுகையைப் பொய் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. பசித்தவளின் தேடல் அசல் இல்லை, வயிறு நிறைந்தவளின் தேடல்தான் அசல் என்கிற அளவுகோல் யாருடையது? உரத்த குரலில் கதறுவது தாழ்ந்தது, கடிதத்தில் வாதிடுவது உயர்ந்தது என்று நினைப்பது படித்தவர்களின் சாதிப்புத்தி. தேடலைக் கடிதமாக எழுத ரமாபாய்க்கு வாய்த்தது. அவர்களுக்கு உடம்புதான் இருந்தது. அவ்வளவே நாம் பொறுப்போடு சொல்லக்கூடியது.

7

ரமாபாயைச் சோதித்தவர்கள் அத்தனை பேரும் தங்களை நியாயவான்கள் என்றே நம்பினார்கள். அந்தச் சோதனை அவரோடு முடியவில்லை. 1936இல் ஜான் மாட் என்கிற மிஷனரித் தலைவரோடு பேசும்போது காந்தி, தலித்துகளுக்குச் சுவிசேஷம் சொல்வதைப் பசுவுக்குச் சொல்வதோடு ஒப்பிட்டார். சாஸ்திரங்கள் அதிகாரமில்லை என்றன. இவர் புரிந்துகொள்ளும் சக்தியில்லை என்றார். 1967இல் ஒரிசாவிலும் 1968இல் மத்தியப் பிரதேசத்திலும் மதமாற்றத் தடைச் சட்டங்கள் வந்தன. 1977இல் உச்சநீதிமன்றம் அவற்றைச் சரி என்றது. 1981இல் மீனாட்சிபுரத்து தலித்துகள் இஸ்லாமுக்குப் போனபோது, நூற்றாண்டுகளின் இழிவு யார் கண்ணுக்கும் படவில்லை. வெளிநாட்டுப் பணம் மட்டும் எல்லோர் கண்ணுக்கும் பட்டது. 2002இல் தமிழ்நாட்டிலும் ஒரு சட்டம் வந்து 2004இல் திரும்பப் பெறப்பட்டது. இந்தச் சட்டங்களின் மொழியைப் பாருங்கள்: கட்டாயம், ஆசைகாட்டல், மோசடி. இவற்றில் சில பெண்களையும் தலித்துகளையும் பழங்குடிகளையும் மாற்றினால் தண்டனை அதிகம் என்றன. பாதுகாப்பு என்பார்கள். ஆனால் தர்மசாஸ்திரம் 'அதிகாரமில்லை' என்று ஒதுக்கிய அதே பட்டியல் இங்கே 'எளிதில் ஏமாறுகிறவர்கள்' என்று திரும்பி வருவதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

ரமாபாய் 1922 ஏப்ரல் 5 அன்று இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டே மகள் மனோரமா போய்விட்டார். கடைசி வரை மொழிபெயர்ப்பின் மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அவரது இறையியல் நமக்கு உடன்பாடா இல்லையா என்பது வேறு விஷயம். கடவுள் உண்டா என்பதே நம்மில் பலருக்குத் திறந்த கேள்விதான். ஆனால் கடவுள் இல்லை என்று சொல்கிறவருக்கும் இந்த வரலாற்றில் பங்கு இருக்கிறது. தேடுவதற்கும், தேடி ஏற்பதற்கும், தேடி மறுப்பதற்கும் ஒருவர் முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்றால் அது எல்லோருக்கும்தான். நேர்மையாகத் தேடினாயா என்று ரமாபாயை நாற்பதாண்டுகள் கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு என்ன அதிகாரம் என்று அவர் திருப்பிக் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.